போட்டியே இல்லாத சாகச கார்டு கேமில் பெரியவர்களுக்கு அப்படி என்ன சுவாரசியம்?

கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் விவரத்தையும் படித்தேன். வீட்டில் ஒருவர் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து மாயாஜால சாகச கார்டு கேம் வாங்கியிருக்கிறார், எல்லாரும் ஒரே கட்சியாக ஆடுகிறார்கள், ஜெயிக்க எதிராளியும் இல்லை, வைக்கப் பணமும் இல்லை, அப்புறம் எதற்கு வாராவாரம் உட்காருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருக்கும் தொனியைப் பார்த்தால் அந்த ஒருவர் உங்கள் வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். தம்பியாக இருந்தால் மன்னிக்கவும். எங்கள் வீட்டில் வாங்கியது தம்பி.

எதிராளி இல்லை என்று யார் சொன்னது? பெட்டிதான் எதிராளி. பெரும்பாலும் அதுதான் ஜெயிக்கும்.

நாங்கள் ஆடுவது பாத்ஃபைண்டர் அட்வெஞ்சர் கார்ட் கேம். மைக் செலிங்கர் தலைமையில் வடிவமைத்து, பைசோ என்ற அமெரிக்க நிறுவனம் 2013இல் வெளியிட்டது. முதல் பெட்டியின் பெயர் ரைஸ் ஆஃப் தி ரூன்லார்ட்ஸ். ஆளுக்கு ஒரு பாத்திரம், பாத்திரத்துக்கு 15 கார்டு கொண்ட ஒரு கட்டு. ஆயுதம், மந்திரம், கவசம், பொருள், துணையாள், ஆசி என்று ஆறு வகை கார்டுகள். அந்தக் கட்டுதான் உங்கள் உயிரும். அடி வாங்கினால் கையிலிருந்து கார்டுகள் போகும். உங்கள் முறை முடியும்போது கட்டிலிருந்து எடுத்துக் கையை நிரப்ப வேண்டும். எடுக்கக் கார்டு போதவில்லை என்றால் ஆள் காலி.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அதனால் எனக்கு இதில் முதலில் பிடித்தது கணக்குதான். நடுவில் 30 ஆசிக் கார்டுகள் இருக்கும். ஒவ்வொரு முறைக்கும் ஒன்று திரும்பும். அது தீர்ந்தால் எல்லாரும் ஒன்றாகத் தோற்றோம். நாலு பேர் ஆடினால் தேட வேண்டிய இடங்கள் ஆறு, இடத்துக்குப் பத்துப் பத்தாக 60 கார்டுகள். ஒரு முறைக்கு ஒரு கார்டைத்தான் சும்மா திறக்கலாம். இன்னொன்றைத் திறக்க வேண்டுமென்றால் துணையாளையோ ஆசியையோ கையிலிருந்து விட வேண்டும். அதாவது உயிரைக் கொடுத்து நேரத்தை வாங்க வேண்டும். இடத்தில் ஒளிந்திருக்கும் அடியாளை வீழ்த்தினால் அந்த இடத்தைப் பூட்டப் பார்க்கலாம், பூட்டிவிட்டால் மிச்சத்தைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் மேலிருந்து இரண்டாவதா, ஒன்பதாவதா என்று யாருக்குத் தெரியும்? மாசக் கடைசியில் வீட்டுச் செலவு பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் ருசி தெரியும்.

வில்லனை மடக்கினால்தான் ஜெயிப்பு, அவன் விஷயம் இன்னும் மோசம். அவனைக் கண்டுபிடித்து அடித்தாலும், பூட்டாத இடம் ஏதாவது இருந்தால் அங்கே ஓடிவிடுவான். ஆக, ஒருவர் அவனோடு மோதும் நேரத்தில் மற்றவர்கள் வெவ்வேறு இடத்தில் நின்று வழியை மறிக்க வேண்டும். நாலு பேரும் ஒரே இடத்தில் கூடி நின்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. தூரத்தில் நிற்பவருக்கு நீங்கள் செய்யக்கூடியது பெரும்பாலும் ஒன்றுதான்: கையில் இருக்கும் ஆசியை விட்டுக்கொடுத்தால் அவருக்கு ஒரு பகடை கூடுதலாகக் கிடைக்கும்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. இந்தக் கேள்விக்கு நான் உட்கார்ந்து பதில் எழுதக் காரணமே அதுதான்.

காட்பாடியில் எங்கள் வீடு. வேலூர் வெயிலைப் பற்றித் தெரிந்திருக்கும், கத்திரி வந்தால் நாற்பது டிகிரியைத் தாண்டும். மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது, மின்விசிறி போட்டால் கார்டெல்லாம் பறக்கும். தம்பி ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களை எடைக்கு வைத்தான். எதிர்வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பாயில் சீட்டு, சீட்டின் மேல் காசு, சுற்றி நாலு பேர். அவ்வளவுதான். "பொம்பளைங்க வேற உக்காந்துகினு காசு வெச்சி ஆடறாங்க" என்று தெரு முழுக்கப் பரவி, கோயிலில் யாரோ கேட்டு, அம்மா முகம் செத்துப் போய் வீட்டுக்கு வந்தார். நான் சம்பாதித்து வீட்டுக் கடனை அடைத்ததை அந்தத் தெருவில் ஒருவரும் இப்படிப் பரப்பவில்லை.

அந்த அக்காவைக் குறை சொல்லவும் முடியாது. சீட்டில் அழிந்த குடும்பங்களை எங்கள் பக்கத்தில் எல்லாருமே பார்த்திருக்கிறோம். ஆன்லைன் ரம்மியில் போன பணத்தையும் உயிர்களையும் பார்த்துத்தான் 2023இல் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது, 2025இல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடு முழுக்கத் தடை வந்தது. பயம் நியாயம். ஆனால் விசாரிக்காமல் பரப்பியது நியாயமா? இப்போது நாணயத்துக்குப் பதில் புளியங்கொட்டை வைத்துக்கொள்கிறோம்.

இதற்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலூரில் வீடு இருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கஷ்டம் புரியும். ஆஸ்பத்திரிக்கு வரும் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் நம் வீடுதான் லாட்ஜ். திருவண்ணாமலை, செய்யாறு, ஆரணி, எங்கிருந்தாலும் சரி. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மறந்தவர்கள்கூட ஸ்கேன் எடுக்க வரும்போது நம்மை மறப்பதில்லை. நோயாளியோடு துணைக்கு இருவர், அவர்களைப் பார்க்க நாலு பேர். விடியற்காலை டோக்கன் போட ஆள் அனுப்ப வேண்டும், பத்தியச் சாப்பாடு தனி, கூட வந்தவர்களுக்குக் காரமான சாப்பாடு தனி. போகும்போது "உங்களுக்கு இன்னாம்மா, ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கீங்க" என்பார்கள். இதைச் சொன்னால் ஈவிரக்கம் இல்லாதவள் என்று கமெண்டில் வருவீர்கள். வாருங்கள். ஒரு மாதம் எங்கள் வீட்டில் சமைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் பெரியப்பா. செய்யாறு பக்கம். இடுப்பு எலும்பு ஆபரேஷன், அப்புறம் ரிவ்யூ, அப்புறம் பிசியோ. வாரக்கணக்கில் தங்கினார். தரையில் உட்கார முடியாததால் ஆட்டம் பாயிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு ஏறியது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் "எனக்கும் ஒரு ஆள் குடுடா" என்றார்.

தம்பி பாத்திரங்களைப் பரப்பினான். வேலரோஸ் வாள் வீரன், அவன் தம்பியின் ஆள். மெரிசியல் திருடி, தனியாக நின்றால் நன்றாகச் சண்டை போடுவாள், அது நான். எஸ்ரன் மந்திரவாதி, அது தம்பி பெண்டாட்டி. பெரியப்பா எடுத்தது கைரா. கையில் வளைந்த வாள் ஏந்திய பெண் பூசாரி, அடிபட்டவர்களுக்குக் கார்டுகளைக் கட்டில் திரும்பச் சேர்த்துக் கொடுப்பவள். "அம்மன் மாதிரி இருக்கா, இவளே இருக்கட்டும்" என்றார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. தம்பி பெண்டாட்டி துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி ஒவ்வொரு கார்டின் உறைக்குள்ளும் செருகிக் கொடுத்தாள்.

பாத்திரம் வளர்வதை அவருக்கு விளக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தோம். ஆட்டங்களை முடிக்க முடிக்க, பாத்திரத்தின் அட்டையில் பென்சிலால் ஒரு கட்டம் டிக் செய்யலாம். பலமோ ஞானமோ ஒன்று கூடும், அல்லது புதுத் திறமை வரும், அல்லது கட்டில் ஒரு கார்டு அதிகம் வைத்துக்கொள்ளலாம். கிடைத்த ஆயுதம் அடுத்த ஆட்டத்துக்கும் கூட வரும். ஆறு பாகக் கதையில் மூன்றாவது முடிந்ததும் பாத்திரம் எந்த வழியில் போவது என்று தேர்ந்தெடுக்கலாம். கைரா என்றால் குணப்படுத்துபவளாகலாம், பேயோட்டுபவளாகலாம். தம்பி பாதி சொல்லும்போதே பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "அர்ச்சுனன் தபசு மரம் ஏறறது இதுக்குத்தானே? பாசுபதம் வாங்கிகினு எறங்கறான். அப்புறம் களத்துல அது கூடவே இருக்குது." திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று வருஷா வருஷம் கேட்டு வளர்ந்த மனுஷன். ராத்திரிக்கு ராத்திரி கதை நகர்வதும், ஆள் முந்தின நாள் இருந்தது போல் இல்லாமல் போவதும் அவருக்குப் புதிதா என்ன? எங்களுக்குத்தான் புதிது.

ஒரு கட்டத்தை டிக் செய்ய அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் தோசைக்கு அரைத்து முடித்துவிடுவேன்.

சின்ன வயதில் தம்பியோடு நான் கேரம் ஆடுவதையே விட்டுவிட்டேன். அவன் ஜெயித்தால் இரண்டு நாளைக்குக் கொக்கரிப்பான், தோற்றால் போர்டைக் கலைப்பான். அதையும் மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

கடைசி இடங்கள் இரண்டு பாக்கி. ஒன்றில் தம்பி வில்லனோடு மோதுகிறான், இன்னொன்றில் நான் வழியை மறிக்க வேண்டும். அதற்குப் பகடையில் எனக்கு வேண்டியது ஆறு. அந்த இடத்துக்குத் தேவைப்பட்ட திறமை என் பாத்திரத்துக்குக் குறைவு, ஒரே ஒரு பகடைதான். பெரியப்பா கையில் கடைசி ஆசி இருந்தது. அதை வைத்திருந்தால் தன் முறையில் அதைக் காட்டித் தன்னையே குணப்படுத்திக்கொள்ளலாம். எனக்குக் கொடுத்துவிட்டால், அவர் முறைக்குள் ஆட்டம் முடியாவிட்டால் கைரா சாவாள். "போடும்மா" என்று கார்டைத் தள்ளிவிட்டார். இரண்டு பகடையும் சேர்ந்து மூன்றுதான் விழுந்தது. தம்பி வில்லனை அடித்தான், அவன் என் பக்கமாக ஓடிவிட்டான். பெரியப்பா முறை வந்தது, போனது, கையை நிரப்பக் கட்டில் கார்டு இல்லை.

தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கும் என் அளவுக்கே எரிச்சல், இரண்டு பேருக்கும் அந்தப் பெட்டி மேல்தான் எரிச்சல். நீங்கள் கேட்ட சுவாரசியம் எனக்கு இதுதான். முப்பது வயதைத் தாண்டிய பிறகு அவனோடு ஒரே பக்கத்தில் உட்கார்ந்து தோற்கக் கிடைத்தது.

செத்த பாத்திரத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் விதி. டிக் செய்த கட்டமெல்லாம் போச்சு. பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "படுகளத்துல விழுந்தவனையே எழுப்பறோம், இவள எழுப்ப மாட்டியா?" என்று திருவிழாவின் படுகளச் சடங்கை இழுத்தார். தம்பி விதிப் புத்தகத்தைக் காட்டினான். ரொம்ப நேரம் வாதம். கடைசியில் தம்பி பெண்டாட்டி தீர்ப்புச் சொன்னாள்: கைரா எழலாம், ஆனால் ஒரு டிக்கை அழிக்க வேண்டும். எதை அழிப்பது என்பதற்கு அடுத்த நாள் வரை யோசித்தார். விதி தப்பு என்று தெரியும், விதி நிபுணர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் மேசை, எங்கள் பஞ்சாயத்து.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். கூட்டாக ஆடும் பல விளையாட்டுகளில், நன்றாகத் தெரிந்த ஒருவர் மற்ற மூவருக்கும் சேர்த்து முடிவெடுக்க ஆரம்பிப்பார். எங்கள் வீட்டில் தம்பி. பெரியப்பா வந்த பிறகு அடங்கினான், "உன் சீட்டப் பாத்து நீ ஆடு" என்று ஒரே அதட்டல். உங்கள் வீட்டில் அதட்ட ஆள் இல்லையென்றால் 2017இல் வந்த ஐசக் சில்ட்ரஸின் குளூம்ஹேவன் என்ற கூட்டு விளையாட்டு பரவாயில்லை. அதில் எந்த வேகத்தில் இறங்கப் போகிறோம் என்ற எண்ணை முன்கூட்டியே சொல்லக் கூடாது என்பது விதி, நாட்டாமை செய்வது கஷ்டம். அதில் பாத்திரம் தன் லட்சியத்தை முடித்ததும் ஓய்வு பெற்றுப் போய்விடும், அதற்குப் பிறகு வேறொரு புதுப் பாத்திரத்தின் பெட்டியைப் பிரிக்கலாம். பெட்டி கனம், விலையும் கனம். 2020இல் வந்த ஜாஸ் ஆஃப் தி லயன் அதன் சின்ன வடிவம், புதியவர்களுக்கு அது போதும்.

காசைப் பற்றி: விலை அதிகம்தான், மறைக்கவில்லை. ஆனால் வாங்கிவிட்டால் வாராவாரம் மாதக்கணக்கில் ஆடலாம், உள்ளே என்ன கார்டு இருக்குமோ என்று பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிக்கொண்டே இருக்கும் வகை வேறு. நாலு பேர் ஆம்பூர் போய்ப் பிரியாணி சாப்பிட்டு வரும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதையும் யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் எனக்கும் ஒரு ஆள் கொடு என்று கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால், காட்பாடி பக்கம் வரும்போது சொல்லுங்கள், எங்கள் மேசையில் ஒரு நாற்காலி போடுகிறேன். தங்க மட்டும் லாட்ஜ் பார்த்துக்கொள்ளுங்கள்.