தாத்தாவின் மடக்குக்கத்தி: எழுத்தைப் பாருங்கள்

காசிமேட்டு வீட்டில் கிடைத்த தாத்தாவின் மூன்று அலகு ஷ்ரேட் (அமெரிக்கக் கத்தி பிராண்ட்) மடக்குக்கத்தி பழசா, புதுசா என்றுதானே கேட்டீர்கள்? அலகு பிடிக்குள் நுழையும் இடத்தைப் பழைய டூத்பிரஷால் தேய்த்துப் பாருங்கள். 'யு.எஸ்.ஏ.' தெரிந்தால் பெரும்பாலும் 2004-க்கு முந்தையது. அந்த ஆண்டுதான் நியூயார்க் மாநிலத்து ஆலையை மூடினார்கள். பெயரை வேறொருவர் வாங்கி, சீனாவில் செய்யவைத்தார்கள். பெயர் அதேதான், கத்தி வேறு.

நீங்கள் அனுப்பிய படத்தில் அலகு சாம்பல் பூத்திருக்கிறது, அப்படியானால் கார்பன் ஸ்டீல். கூர் நன்றாக ஏறும்; ஆனால் நம்ம ஏரியா உப்புக்காற்றில் ஒரே வாரத்தில் துரு பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அப்புறம், தெருவில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சக்கரச் சூட்டில் இரும்பின் பதம் போய்விடும். புதுசு வாங்குவதைவிட இதையே வைத்துக்கொள்வேன் நான்.