பூனை கிணற்றில் இல்லை, புள்ளிதான் நகர்ந்திருக்கிறது

பூனையின் கழுத்தில் கட்டிய, இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் பட்டை பக்கத்து வீட்டுக் கிணற்றைக் காட்ட, டார்ச்சோடு ஓடினீர்கள். பூனையோ கட்டிலுக்கு அடியில் தூங்கியது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கும்போதே பதறிவிட்டது. பட்டை பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து பட்டைக்கு வரும் சிக்னல் மிகவும் பலவீனமானது. கான்கிரீட் கூரை அதை மறைக்கும், சுவர்களில் பட்டுத் திரும்பியும் வரும். இடத்தைக் கணக்கிடக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களாவது தெரிய வேண்டும். அதனால் பூனை வீட்டுக்குள் இருக்கும்போது வரைபடத்தில் அதன் புள்ளி பல மீட்டர் தள்ளிக் காட்டுவது சகஜம்.

அடுத்த முறை, அந்தப் புள்ளி எத்தனை மணிக்குப் பதிவானது என்று முதலில் பாருங்கள். ஒலி எழுப்பும் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். அப்புறம், இழுத்தால் தானே கழன்றுவிடும் பட்டைதானா அது? இல்லையென்றால் உடனே மாற்றிவிடுங்கள், கிளையில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்.