அம்மா ஒரு சுருட்டுகூடக் குடித்ததில்லை

ஆண்களிடம் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு குறையும்போது பெண்களிடம் ஏன் அப்படிக் குறையவில்லை, புகைக்காத பெண்ணுக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ வந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வரும். என் அம்மாவுக்கு வந்தது.

குறையாததற்குக் காரணம் காலக்கணக்கு. புகை பிடிக்கத் தொடங்கி இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் நோய் தலைகாட்டும். அமெரிக்காவில் ஆண்களின் சாவு 1990 வாக்கில் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கியது. பெண்கள் சிகரெட்டைப் பிந்தி எடுத்ததால் அவர்களுடைய சாவு அதற்கப்புறமும் ஏறியது. 1987லேயே அங்கே பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவை இது முந்திவிட்டது.

எங்கள் கதை வேறு. ரங்கூனில் அப்பா ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் வாசல்படியில் உட்கார்ந்து சுருட்டு குடிப்பார். பால் டப்பாவில் சேர்ந்த சாம்பலைக் காலையில் கொட்டுவது அம்மா. அதற்கு முன்பே, விடியற்காலை நாலு மணிக்கு, ஜன்னல் இல்லாத பின்கட்டில் கரி அடுப்பை மூட்டித் தோசை வார்ப்பார், தெருவுக்கே வியாபாரம். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே மாவை ஊற்றுவார். முப்பது வருடம்.

இருமல் வந்தபோது எக்ஸ்ரேயைப் பார்த்த ஒரு மருத்துவர் காசநோய் என்றார். சளியில் கிருமி இல்லை. இருந்தும் ஆறு மாதம் மாத்திரை. பிறகு சிடி ஸ்கேன், சதைப் பரிசோதனை. அதற்குள் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துவிட்டது. அந்த ஆறு மாதத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் டாக்டர் இல்லை. புகையிலைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இந்த நோய்க்கு முதல் காரணம் அதுதான். ஆனால் ஜப்பானில் ஹிராயாமா என்பவர் புகைக்காத 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனைவிமாரைப் பல வருடம் கவனித்து, கணவன் நிறையப் புகைத்தால் மனைவிக்கும் இந்த நோய் கூடுகிறது என்று 1981லேயே எழுதிவிட்டார். வீட்டுக்குள் எரியும் நிலக்கரிப் புகை புற்றுநோய் தரும் என்பது உறுதியாகிவிட்டது. விறகுப் புகையையும் 'அநேகமாகத் தரும்' என்ற வரிசையில் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு எதனால் வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. என் மனசுக்குத் தெரியும்.

கருமாதி அன்று சொந்தக்காரர் ஒருவர் பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "அக்காவும் சுருட்டு குடிக்குமா?" என்றார். செத்தவளிடம்கூடக் குற்றம் தேடுகிற வாய்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பரிசோதனைக்கு எடுத்த சதையில் ஈஜிஎஃப்ஆர் (EGFR) என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புகைக்காத ஆசியப் பெண்களிடம் அது அதிகம், அதற்கென்றே மாத்திரை உண்டு. எங்களுக்கு அது தெரிய வந்தபோது அம்மா எழுந்து உட்காரும் நிலையில்கூட இல்லை.

இங்கே இப்போது கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்றே தெரியாது. தங்கை அம்மாவின் கரி அடுப்பை மறுபடி எடுத்துவிட்டாள். அதை வெளியே கொண்டுபோய் வை என்று நேற்றும் அவளிடம் சண்டை போட்டேன்.