திகைப்பூண்டை மிதித்தவர்கள்

அன்புள்ள அண்ணா,

எங்கள் அப்பப்பா ஒருமுறை வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கக் காட்டுக்குப் பாலைப்பழம் பிடுங்கப் போய், ஒரு பகலும் ஓர் இரவும் வழி தெரியாமல் அலைந்திருக்கிறார். ஒரே வீரைமரத்தடிக்கு மூன்று தரம் திரும்பி வந்தாராம். “திகைப்பூண்டை மிதிச்சிட்டன்” என்றுதான் சாகும்வரை சொன்னார்; மிதித்தவரை வழி திகைக்க வைக்கும் செடியாம் அது. அன்றிரவு ஒரு பெண் அழுகிற குரலும் கேட்டதாம். கொழும்பில் என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர்கள், அது ‘உலமா’ என்ற பேய்ப்பறவை என்கிறார்கள். இதெல்லாம் வெறும் கதையா? அப்பப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை.

நெடுங்கேணி வாசகர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்பப்பா பொய் சொல்லவில்லை. மூன்று தரம் அதே மரத்தடிக்கு வந்தார் என்பதை நான் அப்படியே நம்புகிறேன்.

யான் சௌமன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2009 இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஜேர்மனியில் மேடுபள்ளமில்லாத பெரிய காடொன்றில் 6 பேரை இறக்கி, நேரே நடந்துகொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டு, அவர்கள் போன தடத்தை ஜிபிஎஸ் கருவியால் பதிவு செய்தார்கள். வெயில் அடித்தபோது நடந்த 2 பேரும் ஏறக்குறைய நேராகப் போனார்கள். மேகமூட்டத்தில் நடந்த 4 பேரும் வட்டமடித்தார்கள். அவர்களில் மூவர் தாங்கள் வந்த தடத்தையே பலமுறை குறுக்கே கடந்தும் அதை உணரவில்லை. ஒரு கால் மற்றதைவிடப் பலமானது, அதனால்தான் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று பலர் சொல்வதுண்டு. அப்படியும் இல்லை. ஒரே ஆள் ஒரு நேரம் இடப்பக்கமும் இன்னொரு நேரம் வலப்பக்கமும் வளைந்திருக்கிறார். ‘நேர்’ எது என்று உடம்பு வைத்திருக்கும் கணக்கில் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. அதைத் திருத்த வெளியே ஒரு சூரியனோ மலையோ வேண்டும்.

இனி எங்கள் காட்டை நினைத்துப் பாருங்கள். வன்னியில் நிமிர்ந்து பார்க்க ஒரு மலை உண்டா? பாலை, வீரை, முதிரை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரங்கள். பற்றைக்குள் பத்தடிக்கு அப்பால் கண் போகாது. உச்சிப் பொழுதில் நிழலும் காலடியில் சுருண்டுவிடும். அங்கே ஒருவர் திகைக்காமல் வந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

அப்படியானால் திகைப்பூண்டு என்று ஒன்று இல்லையா? நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் காட்டுகிற செடியை அடுத்தவர் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் அதற்கான மருந்தை மட்டும் எல்லாரும் ஒரேமாதிரிச் சொன்னார்கள்: மிதித்தது தெரிந்தால் அதே இடத்தில் இரு, விடிந்தால் தெளியும்.

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். தவறிப்போன நாம்பன் ஒன்றைத் தேடி மாமாவோடு காட்டுக்குப் போனேன். பொழுதுபட்ட பிறகு, நாங்கள் ஏற்கெனவே குந்தியிருந்த கறையான் புற்றுக்கு முன்னால் மறுபடி வந்து நின்றோம். மாமாவின் சுருட்டுக்கட்டை அங்கேயே கிடந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. என்னை ஒரு பாலைமரத்தில் முதுகு சாய்த்து இருத்தி, சால்வையால் போர்த்திவிட்டு, பக்கத்தில் கத்தியோடு இருந்தார். விடியப்புறம் கோழி கூவியது. நான் எழும்பினேன். தோளைப் பிடித்து அமர்த்தினார். “அது காட்டுக்கோழி. நாய் குரைக்கட்டும்.” எவ்வளவு நேரம் போனதோ, தூரத்தில், நான் நினைத்ததற்கு நேர் எதிர்த்திசையில் நாய் குரைத்தது. அதைக் கேட்டுக் கேட்டு நடந்து வெளியே வந்தோம். வழி தவறினால் இருந்த இடத்திலேயே இருங்கள் என்றுதான் மீட்புப் பணியாளர்களும் இன்றைக்குச் சொல்கிறார்கள். மாமா அதை ஒரு பூண்டின் பெயரால் கற்றிருந்தார்.

அடுத்தது அந்தக் குரல். சிங்கள ஊர்களில் சொல்லும் கதை கொடியது. மனைவியைச் சந்தேகப்பட்ட ஒருவன் குழந்தையைக் கொன்று கறியாக்கி அவளுக்கே பரிமாறுகிறான். கறிக்குள் சின்ன விரலைக் கண்டவள் அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடி உலமாவாகிறாள். வயிற்றில் புள்ளிகளுள்ள பெரிய காட்டு ஆந்தைதான் அது என்று 2001 அளவிலிருந்து பலர் சொல்கிறார்கள். அதற்கு முன்பு பக்கிக்குருவி, வேறோர் ஆந்தை, கொண்டையுள்ள கழுகு என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். இருட்டில் கத்துகிற பறவையை அந்த நேரமே கண்ணாலும் கண்டவர்கள் மிகக் குறைவு. அதனால் வழக்கு இன்னும் முடியவில்லை. உங்கள் அப்பப்பா கேட்டதும் அந்த ஆந்தையாக இருக்கலாம். பிள்ளையைத் தேடி அழுகிற தாயின் குரல் என்று ஒன்றைச் சொன்னால் வன்னியில் யாரும் அதை வெறும் பறவைக் கதையாகக் கேட்க மாட்டார்கள். கிளிநொச்சியில் 2017 மாசியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரம் குந்திய தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் இந்தக் கதையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் இன்னொன்று. காட்டுக்குள் இறங்குமுன் பாதையோர மரத்தில் ஒரு குழையை முறித்து ஐயனாருக்கோ பிள்ளையாருக்கோ செருகிவிட்டுப் போகிற வழக்கத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நேர்த்தி அது. ஆனால் வாடாத குழை, இன்றைக்கு ஒருவர் உள்ளே போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை என்பதையும் பின்னால் வருகிறவனுக்குச் சொல்லும். சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது அந்த மரங்கள் நின்ற இடங்களில் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்றன. காலடியில் எது கிடக்கும் என்ற பயம் பூண்டிலிருந்து மிதிவெடிக்கு மாறியது. ஒற்றையடிப் பாதைகள் பலதும் பற்றை மூடிப் போயின. பாதையோடு கதையும் போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பப்பா எந்தப் பக்கத்தால் உள்ளே போனார், எந்தப் பக்கத்தால் வெளியே வந்தார், அந்த வீரைமரம் எந்தக் குளத்துக்குக் கிட்ட என்று ஊரில் யாருக்காவது தெரியுமா? விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா