தொப்பி நுழையாத தலைகள்
வாசகர் கேள்வி – பதில்: குழந்தை நலம்

ஒரு வயது மகனுக்குத் தலைச் சுற்றளவு 49 செ.மீ. இருக்கிறது. "தலைவர் வர்றார், நிலைப்படியை இடிச்சுக் கட்டுங்க" என்று வீட்டில் தினமும் கலாட்டா. நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். ஆனால் ராத்திரி படுத்தால் பயம் வந்துவிடுகிறது. சிரிப்பதா, டாக்டரிடம் ஓடுவதா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் கால்வாசி தலைதான். பெரியவர்களுக்கு அது ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் எந்தக் கைக்குழந்தையும் கொஞ்சம் தலை பெருத்ததாகத்தான் தெரியும். கண்ணை நம்ப வேண்டாம், டேப்பை நம்புங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ஒரு வயது ஆண் குழந்தையின் நடுத்தர அளவு 46.1 செ.மீ., பெண் குழந்தைக்கு 44.9. மேல் எல்லையாக டாக்டர்கள் கொள்வது ஆணுக்கு 48.6, பெண்ணுக்கு 47.6. உங்கள் மகன் அரை செ.மீ.கூடத் தாண்டவில்லை. நூறு ஆரோக்கியமான குழந்தைகளை வரிசையில் நிறுத்தினாலும் இரண்டு மூன்று பேர் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருப்பார்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் தலையையும் உங்கள் கணவர் தலையையும் அளந்து பாருங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 55 முதல் 57 செ.மீ. வரை இருக்கும். உங்களில் ஒருவருக்கு 60ஐத் தொட்டால், பெரிய தலை பரம்பரையாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த எண்ணையும் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அதைவிட முக்கியம், தலை வளர்ந்த வேகம். முதல் மூன்று மாதம் மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., அதன் பிறகு ஒரு வயது வரை அரை செ.மீ. என்பது கணக்கு. பிறந்தபோது எடுத்த அளவு ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும். தடுப்பூசிக்குப் போனபோது எடுத்தவற்றையும் சேர்த்து, வயதுக்கேற்ற நடுத்தர அளவையும் மேல் எல்லையையும் கோடுகளாகக் காட்டும் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வையுங்கள். ஆரம்பத்திலிருந்தே மேல் கோட்டை ஒட்டி, அதற்கு இணையாகவே ஏறினால் நல்லது. நடுக்கோட்டில் இருந்த குழந்தை இரண்டு மாதத்தில் மேல் கோட்டைத் தாண்டினால், எண் சிறியதாக இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். ஒற்றை அளவை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

உச்சிக்குழி அழாதபோதும் புடைத்து இறுக்கமாக இருப்பது, தொடர்ந்து வாந்தி, கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிவது, நெற்றியில் நரம்பு தடித்துத் தெரிவது, அளவுக்கு மீறிய தூக்கம், கற்றுக்கொண்ட உட்காருதலோ தவழ்தலோ மறந்துபோவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போங்கள். உச்சிக்குழி மூடாதவரை அதன் வழியாகவே ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். மயக்க மருந்து தேவைப்படாது.

இவை எதுவும் இல்லை, புள்ளிகளும் ஒழுங்காக ஏறுகின்றன என்றால், நிலைப்படி ஜோக்கை மனம் விட்டு ரசியுங்கள்.

ஒரே நாளில் மூன்று முறை அளந்தால் 47.5, 48.5, 49 என்று வருகிறது. எது சரி?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

தையல்காரரின் பழைய டேப் இழுபட்டுப் போயிருக்கும். அதில் அளந்தால் அளவு குறைத்துக் காட்டும். இழுபடாத டேப் வேண்டும். அது இல்லையென்றால் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி, பேனாவால் குறியிட்டு, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள்.

குழந்தையை ஒருவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும். கிளிப், ரிப்பன், குடுமி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். டேப் முன்னால் புருவத்துக்குச் சற்று மேலேயும், பக்கவாட்டில் காதுகளுக்கு மேலேயும், பின்னால் தலை அதிகம் புடைத்திருக்கும் இடத்திலும் போக வேண்டும். பெரும்பாலும் தவறு பின்பக்கம்தான் நடக்கிறது, டேப் பிடரிக்கு நழுவிவிடும். முடி அமுங்கும் அளவுக்கு இறுக்குங்கள். மூன்று முறை எடுத்து, பெரிய அளவை மில்லிமீட்டர் வரை எழுதுங்கள். மாதம் ஒருமுறை போதும். தினமும் அளந்தால் உங்கள் பதற்றம்தான் வளரும்.

எந்தச் சட்டையும் தலையில் நுழைவதில்லை. பிறந்த நாள் பட்டுச்சட்டை மாட்டும்போது ஒரே அழுகை. "தலை இல்லாத குழந்தைக்குத்தான் சட்டை தைக்கிறாங்க போல" என்று மாமியார் சிரிக்கிறார்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

ரெடிமேட் சட்டைகள் வயதை வைத்துத் தைக்கப்படுபவை, தலையை வைத்து அல்ல. கடையில் பனியன் துணிச் சட்டை எடுத்தால் கழுத்தை மடித்தபடி பக்கவாட்டில் இழுத்து அளந்து பாருங்கள். தலைச் சுற்றளவில் பாதி, அதாவது 49க்கு 25 செ.மீ. வரை தாராளமாக விரிய வேண்டும்.

பட்டும் பருத்தியும் இழுபடாது, அதற்குக் கணக்கு வேண்டும். தலைச் சுற்றளவோடு 2 சேர்த்து, சட்டையின் கழுத்துச் சுற்றளவைக் கழித்து, பாதியாக்குங்கள். தலை 49, கழுத்து 30 என்றால் 10.5 செ.மீ. திறப்பு தேவை. ஒரு வயதுக் குழந்தையின் ஒரு தோளில் அவ்வளவு இடம் இருக்காது. இரண்டு தோளிலும் பாதிப் பாதியாகவோ, முதுகில் நேராகவோ திறப்பு விட்டு டிச் பட்டன் வைக்கச் சொல்லுங்கள். கழுத்தில் கட்டும் நாடா வேண்டவே வேண்டாம், எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

மாட்டும் முறையும் இருக்கிறது. சட்டையை வளையம் போலச் சுருட்டி, விரித்துப் பிடித்து, முதலில் பின்தலையில் மாட்டி, பிறகு துணி மூக்கில் உரசாமல் முகத்தைத் தாண்டி இறக்குங்கள். குழந்தை அழுவது மூக்கும் காதும் இழுபடுவதால்தான்.

மூன்றரை வயதுப் பேரனை எல்லாரும் "மண்டையா" என்றே கூப்பிடுகிறோம். பாசமாகத்தான். மருமகளுக்குப் பிடிக்கவில்லை.
– ஒரு வாசகர், சேலம்

மருமகள் சொல்வது சரி. தாய் தந்தையர் தங்களுக்குள் சிரித்துக்கொள்வது வேறு, குழந்தையைக் கூப்பிடும் பெயர் வேறு. மூன்று வயதில் "மண்டை" என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். அடுத்த வருஷம் பள்ளி வாசலில் நீங்கள் அப்படிக் கூப்பிட்டால் வகுப்பே பிடித்துக்கொள்ளும். எல்லாரும் ஒரே நாளில் நிறுத்தி, அவன் பெயரையோ "ராஜா", "கண்ணு" என்றோ கூப்பிடுங்கள். தலை பெரிதாக இருந்தால் அறிவும் பெரிது என்று சமாதானமும் சொல்ல வேண்டாம், அது உண்மையல்ல.

பத்து மாதக் குழந்தை அடிக்கடி தலைகுப்புற விழுகிறது. "தலைக்கனம்" என்று கிண்டல் செய்கிறார்கள்.
– ஒரு வாசகி, கோவை

கனம் மேலே இருப்பதால் இந்த வயதில் எல்லாக் குழந்தைக்கும் தலைதான் முதலில் போகும். தலை பெரிதானால் இன்னும் கொஞ்சம் அதிகம். தரையில் விழுவதைவிட எனக்குப் பயம் குளியலறை வாளிதான். எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகீழாக உள்ளே சரிந்தால், தலையைத் தூக்கி வெளியே வரும் பலம் கைகளுக்கு இருக்காது. சில அங்குலத் தண்ணீரே மூழ்கப் போதும், சத்தமும் கேட்காது. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் பிடித்து வைத்தே ஆக வேண்டிய ஊர் என்றால், இறுக்கமான மூடி போட்ட டிரம்மில் வைத்து, குளியலறைக் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போடுங்கள்.