'பொறுப்பு' பிபி நடத்திய சாட்சி விசாரணை செல்லுமா?

கேள்வி: ஐயா, 2022-ல் என் தம்பியை வெட்டிய கொலை முயற்சி வழக்கு நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட்டில் 2023 முதல் நடக்கிறது. பழைய அரசு வழக்கறிஞரின் (பிபி) பதவிக்காலம் முடிந்துவிட்டது. இப்போது வேறொருவர் 'பொறுப்பு' என்று ஆஜராகிறார். முக்கியமான சாட்சிகளை அவர்தான் விசாரித்தார். "பொறுப்புக்காரர் நடத்தினது எதுவும் நிக்காது, அமெரிக்காவிலேயே இப்படித்தான் கேஸ் தள்ளுபடி ஆச்சு" என்று எதிர்த்தரப்பினர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். உண்மையா? நாங்கள் ஏதாவது மனு போட வேண்டுமா? – தக்கலை வாசகர்

பதில்: விசாரணை செல்லும். முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ஆனாலும் நீங்கள் பார்த்தே ஆகவேண்டிய காகிதம் ஒன்று உண்டு: அந்த வழக்கறிஞரின் நியமன ஆணை.

நம் ஊர் அரசு அலுவலகங்களில் பதவிப் பெயருக்குப் பின்னால் 'பொ' என்று அடைப்புக்குறிக்குள் போட்ட முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஓர் எழுத்தால் மட்டும் ஒரு நியமனம் சட்டவிரோதம் ஆகிவிடாது. யார் நியமித்தார், எந்த வழியில் நியமித்தார் என்பதைத்தான் சட்டம் கேட்கும். எத்தனை மாதத்துக்கு என்பது அடுத்த விஷயம்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி மாவட்ட பிபியையும் கூடுதல் பிபிக்களையும் நியமிப்பது மாநில அரசு. அதற்கு முன் ஆட்சியர், செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து ஒரு பெயர்ப் பட்டியல் தயாரிக்க வேண்டும். அதில் பெயர் இல்லாதவரை நியமிக்க முடியாது. குறைந்தது 7 ஆண்டு வக்கீல் தொழில் செய்திருக்கவும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதே ஏற்பாடு 18-ஆம் பிரிவாக இருக்கிறது. உங்கள் வழக்கு அந்தத் தேதிக்கு முன்பே விசாரணையில் இருந்ததால் பழைய சட்டத்திலேயே தொடரும். அதனால் பழைய பிரிவு எண்களையே சொல்கிறேன்.

இப்போது உங்கள் 'பொறுப்பு' யார் என்று பாருங்கள். ஏற்கெனவே கூடுதல் பிபியாக முறைப்படி நியமிக்கப்பட்டவர், காலியான கோர்ட்டையும் சேர்த்துப் பார்க்கிறாரா? அப்படியென்றால் பேச்சே இல்லை; 24-ஆம் பிரிவில் நியமிக்கப்பட்டவர் எவரானாலும் சட்டத்தின் கண்ணில் அவர் பிபிதான். பிபி ஒருவரின் அறிவுறுத்தலின் கீழ் செயல்படுபவரையும் 2-ஆம் பிரிவின் வரையறை பிபி என்றே சேர்த்துக்கொள்கிறது. பட்டியலிலும் இல்லை, அரசாணையும் இல்லை, "கொஞ்ச நாள் நீங்க பாத்துக்கோங்க" என்ற வாய்மொழியில் ஒரு வெளி வக்கீல் நிற்கிறார் என்றால்தான் குறை. செஷன்ஸ் விசாரணையை பிபிதான் நடத்த வேண்டும் என்று 225-ஆம் பிரிவு சொல்கிறது.

சரி, குறை இருந்தால் விசாரணை முழுதும் வீணா? இதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கே பதில் சொல்லும். ஜெயலலிதா சொத்துக்குவிப்பு மேல்முறையீட்டில் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் வாதாடியவர் பவானி சிங். விசாரணை நீதிமன்றத்துக்கு மட்டும் நியமிக்கப்பட்டவரை மேல்முறையீட்டுக்கும் நியமித்தது தமிழக அரசு. அதற்கு அந்த அதிகாரமே இல்லை என்று க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். நியமனம் சட்டப்படி தவறு என்று 2015 ஏப்ரல் 27-ல் தீர்ப்பு வந்தது. ஆனால் மறுபடி முதலிலிருந்து விசாரிக்க வேண்டாம், அன்பழகனும் கர்நாடக அரசும் எழுத்துப்பூர்வமாக வாதங்களைக் கொடுக்கட்டும் என்று அதே தீர்ப்பு சொல்லிவிட்டது. அவ்வளவு பெரிய வழக்கிலேயே நிலைமை அது.

நீதிபதிகள் விஷயத்தில்கூட இதுதான். ஆந்திராவில் சில செஷன்ஸ் நீதிபதிகளின் நியமனமே ரத்தான பிறகும், அவர்கள் அதற்கு முன் எழுதிய தீர்ப்புகள் செல்லும் என்று கோகராஜு ரங்கராஜு வழக்கில் 1981-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாற்காலியில் இருந்தவரின் தகுதிக் குறைக்கு வழக்காடியவரைத் தண்டிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அதோடு 465-ஆம் பிரிவும் இருக்கிறது: நடைமுறைப் பிழையால் நீதி தவறியதாகக் காட்டினால் ஒழிய தண்டனையைப் புரட்ட முடியாது.

அமெரிக்கக் கதை வேறு. வர்ஜீனியாவில் இடைக்கால அரசு வழக்கறிஞர் லிண்ட்சி ஹாலிகனின் நியமனம் செல்லாது என்று 2025 நவம்பரில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்து, முன்னாள் எஃப்பிஐ தலைவர் ஜேம்ஸ் கோமி மீதான வழக்கைத் தள்ளுபடி செய்தது உண்மைதான். அங்கே இடைக்கால நியமனத்துக்கு 120 நாள் வரம்பு. அது ஏற்கெனவே முந்தையவரோடு தீர்ந்துபோயிருந்தது. அதைவிட முக்கியம், கோமி மீதான குற்றச்சாட்டை, அதை ஏற்கலாமா என்று முடிவுசெய்யும் நடுவர் குழு முன் வைத்தவர் அந்த அம்மையார் ஒருவரே. அதனால் அவர் நியமனம் விழுந்ததும் வழக்கின் அடியே போய்விட்டது. இங்கே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது போலீஸ். பிபி நாளை மாறினாலும் குற்றப்பத்திரிகை அப்படியே நிற்கும். இதை அந்த ஊர்ப்பேச்சுக்காரர்களிடம் சொல்லுங்கள். கேட்பார்களா என்பது வேறு.

மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் (அட்வகேட் ஜெனரல்) பதவிக்கும் தற்காலிகமாக ஆள் போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தலைமை நீதிபதி பதவி காலியானால் பொறுப்பு நீதிபதி நியமிக்க அரசியல் சாசனத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. அட்வகேட் ஜெனரலுக்கான 165-ஆம் பிரிவில் அப்படி எதுவும் இல்லை. ஆளுநர் விரும்பும் வரை பதவி, அவ்வளவுதான். ஆகவே எத்தனை வாரத்துக்குப் போட்டாலும் உயர் நீதிமன்ற நீதிபதியாகத் தகுதியுள்ளவரையே போட வேண்டும்.

உங்கள் வேலைக்கு வருவோம். மதுரைக் கிளையில் 'எந்த அதிகாரத்தில் இந்தப் பதவியில் இருக்கிறீர்' என்று கேட்கும் கோ வாரண்டோ மனு போடலாம் என்று யாராவது தூண்டுவார்கள். போடாதீர்கள். விசாரணை முடங்கினால் லாபம் எதிரிகளுக்குத்தான். முதலில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு அனுப்பி, பொறுப்பு வழக்கறிஞரின் நியமன ஆணை நகலையும், ஆணை இல்லையென்றால் எந்த உத்தரவின் பேரில் ஆஜராகிறார் என்ற விவரத்தையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த ஆணை வேறு அலுவலகத்தில் இருந்தால், மனுவை 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

கூடவே, சொந்தமாக ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். 24(8)-ன் விதிவிலக்கின்படி கோர்ட் அனுமதியோடு அவர் பிபிக்கு உதவலாம். சாட்சியம் முடிந்ததும் 301(2)-ன்படி எழுத்துப்பூர்வமாக வாதமும் தரலாம். பொறுப்பு பிபி நடத்திய சாட்சி விசாரணை நகல்களை அவர் வரிவரியாகப் படிக்கட்டும். கேட்க வேண்டிய கேள்வி ஏதாவது விட்டுப்போயிருந்தால், 311-ஆம் பிரிவில் அந்தச் சாட்சியை மீண்டும் அழைக்க பிபி மூலம் மனு போடலாம். நியமனத்தைக் குடைவதைவிட இதில் பலன் அதிகம்.

ஓர் இடத்தில் மட்டும் விழிப்பாக இருங்கள். 321-ஆம் பிரிவில் வழக்கை வாபஸ் பெற யாராவது மனு கொடுத்தால், அதைக் கொடுக்க வழக்கின் பொறுப்பில் உள்ள பிபிக்கே அதிகாரம். அந்த நாளில் நியமன ஆணை நகல் உங்கள் வக்கீல் கையில் இருக்க வேண்டும். ஆணை சரியில்லையென்றால் ஆட்சேபத்தை அப்போதே எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.