மீன்களுக்கு நிழலும் மறைவும்

கேள்வி: காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டரை அடி ஆழத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டி, தங்கமீன்கள் வளர்க்கிறோம். கொக்கும் மீன்கொத்தியும் அவற்றைக் கொத்திச் செல்கின்றன. மறைவுக்குத் தாமரை வைக்கலாமா?

பதில்: தாமரையைவிட அல்லியே உங்களுக்கு ஏற்றது. தாமரையின் முதிர்ந்த இலைகள் நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து நிற்பதால், கரையில் நிற்கும் கொக்கின் பக்கவாட்டுப் பார்வையை அவை முழுமையாக மறைப்பதில்லை. அல்லி இலைகளோ நீரின் மேல் படிந்து கிடந்து, கோடை வெயிலில் தண்ணீர் கொதிக்காமலும் காக்கும். அகன்ற மண்தொட்டியில் களிமண் கலந்த செம்மண்ணை நிரப்பி அல்லிக் கிழங்கை நட்டு, மீன்கள் மண்ணைக் கிளறாதபடி மேலே கூழாங்கற்களைப் பரப்புங்கள். தினமும் ஐந்தாறு மணி நேர வெயில் இல்லையெனில் அது பூக்காது.

குஞ்சுகள் ஒளிந்துகொள்ள நீருக்கடியில் வேலம்பாசி வேண்டும்; தங்கமீன்கள் அதைத் தின்னும் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள். ஆனால் நீர்ப்பரப்பில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இலைகள் மூட விடக்கூடாது. இரவில் செடிகளும் ஆக்சிஜனை உட்கொள்வதால், அடர்ந்த தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மூச்சுக்குத் திணறி மேலே வரும்.

எவ்வளவு அழகாகப் பூத்தாலும் வெங்காயத்தாமரையை மட்டும் கொண்டுவராதீர்கள். அதைக் கழித்து ஊருணியில் வீசினால் ஊருக்கே தொல்லை. மீன்கொத்தி உட்கார்ந்து குறிபார்க்கும் கொடிக்கயிறு தொட்டிக்கு மேலே இருந்தால், அதையும் அவிழ்த்துவிடுங்கள்.